நெஞ்சைச் சுட்டிய ஊசி

எங்கள் வீட்டில் திசை என்பது தேடிக் கண்டறிய வேண்டிய பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. சோற்றுப் பானையைச் சற்றே மேற்கே நகர்த்தச் சொல்வார் அம்மா. விருந்தினர் உண்ணும்போது, "வடக்கால இருக்க துவையலத் தொட்டுக்கிருங்க" என்று உபசரிப்பார் பெரியப்பா. அத்தகைய குடும்பத்துக்கு வந்து, திசையறிய ஒரு கருவி வேண்டும் என்று எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை சொன்னபோது வீட்டார் சிரித்ததில் பிழையில்லை.

ஆசிரியை சாரணியர் படைக்கும் பொறுப்பாளர். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் குடியிருந்தார். நேமத்தான்பட்டிக்கு அப்பால் இருந்த எங்கள் ஊருக்கு, அந்த வெயிலில், மிதிவண்டியில் வந்து சேர்ந்திருந்தார். பித்தளை மூடியிட்ட திசைகாட்டியைப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்போல் பெரியப்பா அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

"சூரியனுக்கு என்ன வந்துச்சு டீச்சர், அதுக்குப் பதிலா இத வாங்கிட்டு வந்திருக்கீக?"

"மேகம் மூடுனா என்ன செய்வீக?"

"மேகம் மூடுனா வீட்டுல இருப்போம்."

ஆசிரியையும் சிரித்துவிட்டார். பின்னர் பொறுமையாக விளக்கினார். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகள் நான்கின் சாரணியர் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கூடுவர். கையால் வரைந்து படியெடுத்த நிலப்படம் ஒன்றும் திசைகாட்டி ஒன்றும் ஊதல் ஒன்றும் இருவருக்கு ஒரு தொகுதியாகத் தரப்படும். கண்மாய்க்கு வடக்கே விரிந்த முந்திரித் தோப்பிலும் புதர்க்காட்டிலும் எட்டு இடங்களில் சிவப்பும் வெள்ளையுமான துணிக்கொடிகள் கட்டியிருக்கும். கொடிதோறும் ஒரு வண்ண மெழுகுக்கோல் தொங்கும். அதனால் தம் அட்டையில் கோடிழுத்துக்கொண்டு, எட்டையும் முடித்து, விரைந்து திரும்பும் இணைக்கே வெற்றி. வழியில் எவரிடமும் வழி கேட்கலாகாது. இதற்கு ஆங்கிலத்தில் ஓரியண்டீரிங் என்று பெயர். ஆசிரியை அதனைத் 'திசைதேர் ஓட்டம்' எனத் தமிழாக்கியிருந்தார். ஊரார் இரண்டையும் விடுத்துக் 'காம்பஸ் பந்தயம்' என்றனர்.

எனக்கு அப்போது பதினொரு வயது. என் இணை பெரியப்பாவின் மகள், பதினான்கு வயது அக்கா. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதற்பெண் அவள். அவளைத் தொடர்ந்துதான் நானும் தாண்ட வேண்டியிருந்தது. அவள் நின்றால் நானும் நின்றேன் என்பது வாய்விட்டுச் சொல்லப்படாத முடிபு. பெரியப்பா திசைகாட்டியை ஆசிரியையிடம் திருப்பித் தந்து, சிரித்த முகத்துடனேயே சொன்னார்:

"கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஆனா புள்ளைக மேல ஒரு கீறல் பட்டுச்சுன்னா, ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனது போதும்."

பெரியப்பா சினந்து சொல்பவை மாலைக்குள் மறந்துபோகும். சிரித்துக்கொண்டு சொல்பவற்றை அவர் நிறைவேற்றாமல் விட்டதில்லை. அக்காவின் கை என் கையைத் தேடிப் பற்றியது.

அம்மாவின் அச்சம் வேறு வகையினது. முந்திரித் தோப்பில் உச்சிப்பொழுதில் முனி நடமாடுவான் என்பது அவருக்கு ஐயத்துக்கு இடமற்ற செய்தி. கஞ்சிக் கலயத்துடன் வயலுக்குப் போகையில் ஒரு கரித்துண்டும் ஆணியும் இல்லாமல் அவர் சென்றதில்லை. போட்டிக்கு முதல்நாள் மாலை எங்கள் செவலைக் காளையின் காலில் தேய்ந்துபோய்க் கழற்றி வைத்திருந்த லாடம் ஒன்றைக் கழுவித் துடைத்து, சாமி படத்தின் முன் வைத்து எடுத்து, என் சீருடைச் சட்டையின் இடப்பக்கப் பைக்குள் இட்டார். விழுந்துவிடாதிருக்கப் பையின் வாயையும் ஊசி நூலால் தைத்துவிட்டார்.

"நெஞ்சோட இருக்கட்டும். பயமா இருந்தா ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்க. இரும்பு இருக்க எடத்துக்கு அவன் வரமாட்டான்."

"அக்காவுக்கு?"

"நீ அவ பக்கத்துலதான இருப்ப? ரெண்டு பேருக்கும் அது போதும்."

மறுநாள் கண்மாய் மடையருகே திருவிழாக் கூட்டம். பெண்பிள்ளைகள் காட்டுக்குள் ஓடுவதைக் காண ஊரே திரண்டிருந்தது. பானை பானையாக நீர்மோர் வந்தது. கோவணமும் தலைப்பாகையுமாக நின்ற முதியவர் ஒருவர் எங்கள் நிலப்படத்தை எட்டிப் பார்த்து, "இம்புட்டுக் காட்டுக்கா இம்புட்டுக் காகிதம்? ஏன் ஆத்தா, என்னையக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?" என்றார். "கேக்கக் கூடாதாம் தாத்தா, கேட்டாத் தோத்துப்போயிருவோம்" என்றாள் அக்கா. "வாய வச்சுக்கிட்டுத் தோக்குறதுக்குப் பேரு வெளையாட்டாக்கும்" என்று அவர் சொல்ல, கரை முழுதும் சிரிப்பு எழுந்தது.

புறப்படுமுன் ஆசிரியை எங்களிடம் இரண்டே செய்திகளை வலியுறுத்தினார். "வழி தப்பிட்டா தெக்கே வாங்க. கம்மாக்கரை நீளமா இருக்கு, எங்குட்டு வந்தாலும் அது உங்களப் பிடிச்சுக்கிரும். இன்னொண்ணு, உங்க கால் சொல்றத நம்பாதீக. ஊசி சொல்றத நம்புங்க."

முதல் நான்கு கொடிகளை எளிதிற் கண்டோம். ஒன்று வண்டிப்பாதை ஓரத்தில், ஒன்று பாழ்ங்கிணற்றருகில், ஏனைய இரண்டும் தோப்பின் விளிம்பில். நிலப்படமும் கண்ணும் போதுமானவையாக இருந்தன. திசைகாட்டியைத் திறக்கும் தேவையே எழவில்லை. அக்கா நூறு அடிக்கு ஒரு புளியங்கொட்டையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி எண்ணி வந்தாள். இடையில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி, "எங்க ஆத்தா போறீக?" என்று அன்புடன் கேட்டாள். விடை சொல்வதும் விதிமீறலோ என அஞ்சிய நாங்கள் உதட்டை இறுக மூடிக்கொண்டு அவளைக் கடந்தோம். "ஊமைப் புள்ளைகளா, பாவம்" என்று அவள் தன் ஆடுகளிடம் சொன்னது முதுகில் கேட்டது. நாங்கள் பெருமிதத்துடன் நடந்தோம்.

ஐந்தாம் கொடி தோப்பின் உள்ளே, வடகிழக்கே முந்நூறு அடியில் இருப்பதாகக் குறித்திருந்தது. அங்கேதான் திசைகாட்டியின் மூடியைத் திறந்தேன். பயிற்சியில் கற்றபடி அதனை நெஞ்சுக்கு நேரே ஏந்தி, ஊசி அமைதியுற்றபின் நடந்தோம். முந்நூறு அடி முடிந்தது. கொடி இல்லை. மேலும் நூறு. இல்லை.

முந்திரித் தோப்பைப் பகலில் தனியே கண்டவர்க்கே அதன் இயல்பு விளங்கும். கிளைகள் தரைவரை தாழ்ந்து, ஒவ்வொரு மரமும் ஒரு கூடாரம்போல் நிற்கும். ஒன்றைப்போலவே மற்றொன்று. உதிர்ந்த சருகு கணுக்கால் அளவு கிடக்கும். நாங்கள் நடந்தால் சருகு நொறுங்கியது. நாங்கள் நின்ற பின்னரும் எங்கோ ஓரடி கூடுதலாக நொறுங்கியது. மயில் ஒன்று கத்திவிட்டு, கத்தியதற்கு வருந்தியதுபோல் உடனே அடங்கியது. எங்கள் நிழல்கள் சுருங்கிச் சுருங்கிக் காலடிக்குள் ஒடுங்கியிருந்தன. உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

"ஊதலை ஊதுவோமா அக்கா?"

"ஊதுனா தேடிக்கிட்டு வருவாக. அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். தெக்கே போவோம், கரை வந்திரும்."

நான் ஒரு கையால் சட்டைப் பையின் லாடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் திசைகாட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தேன். கரை வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. ஐயுற்றுச் சற்றே வலப்புறம் திரும்பிப் பார்த்தேன். அப்போது நிகழ்ந்ததை நினைத்தால் இந்த முதுமையிலும் என் பிடரி சில்லிடுகிறது. ஊசியின் வடமுனை அசைந்து, திரும்பி, என் நெஞ்சைச் சுட்டி நின்றது. இடப்புறம் திரும்பினேன். அதுவும் திரும்பி என்னையே சுட்டியது. முழுதாகப் பின்னோக்கித் திரும்பினேன். தயங்கித் தயங்கி வந்து, மீண்டும் என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"என்னடி இது, ஒன்னையவே காட்டுது?" அக்காவின் குரல் அவள் குரலாக இல்லை.

நான் லாடத்தை இன்னும் இறுக்கினேன். ஊசி இன்னும் உறுதியாக என்னைச் சுட்டியது. முனி வந்துவிட்டான், வந்து, 'இவள்தான்' என்று விரல் நீட்டிவிட்டான். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஓடினேன். எத்திசை எனக் கேளாதீர்கள். பின்னால் அக்கா ஓடிவரும் சருகொலி கேட்டது. திடீரெனச் சருகொலி நின்றது. பின்பு ஒரு சிறு கூவல், அதன்பின் கற்கள் சரியும் ஒலி.

முன்னொரு காலத்தில் செம்பூராங்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குழி அது. விளிம்பைப் புதர் மூடியிருந்தது. ஓராள் ஆழத்தில் அக்கா அமர்ந்திருந்தாள். வலக்கணுக்கால் திரும்பியிருந்தது. முழங்கையிலிருந்து குருதி ஒழுகியது. ஒரு கீறல் என்றிருந்தார் பெரியப்பா. நான் எண்ணிப் பார்த்தவரை ஏழு.

அக்கா அழவில்லை. "பள்ளிக்கூடம் போச்சுடி" என்றாள், மிகத் தாழ்ந்த குரலில். அதன்பிறகே ஊதலை எடுத்து ஊதினாள். பலமுறை ஊதினாள். காடு கேட்டுக்கொண்டிருந்தது, விடை தரவில்லை. அவளை ஏற்றிவிட என்னால் இயலவில்லை. நான் போய் ஆள் அழைத்து வரவேண்டும் என்பதும், ஊதல் அவளிடம் இருந்தால்தான் தேடி வருவோர்க்கு இடம் தெரியும் என்பதும் இருவருக்கும் விளங்கின. நான் எழுந்தபோது அவள் கையை நீட்டினாள்.

"லாடத்தக் குடுத்துட்டுப் போ."

"அம்மா எனக்குத்தான தச்சு விட்டாக?"

"நீ ஓடலாம்டி. நான் இங்கேயே கெடக்கணும். அவன் வந்தா நான் எங்குட்டுப் போக?"

இந்தக் கட்டத்தில் நான் மனமுவந்து ஈந்தேன் என்று எங்கள் குடும்பத்தில் பின்னாளில் கதை பரவிற்று. உண்மை அதுவன்று. நான் நெடுநேரம் வாதிட்டேன். ஊதலும் உனக்கு, லாடமும் உனக்கு, எனக்கு என்ன எனக் கேட்டேன். "காம்பஸ் இருக்குல்ல?" என்றாள். முனியின் விரலாகிவிட்ட கருவி எனக்கு, காவல் அவளுக்கு. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அவள் மேல்நோக்கிப் பார்த்த பார்வையை எதிர்கொள்ள முடியாமல்தான் கொடுத்தேன். பை தைக்கப்பட்டிருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். லாடத்தைக் குழிக்குள் எறிந்தபோது, எறிதலில் சிறிது வன்மமும் இருந்தது என்பதை இங்கே பதிவுசெய்வது முறை.

தனியே நடந்தேன். நெஞ்சுப் பக்கம் கனம் குறைந்திருந்தது. அந்தக் கனமின்மையைப் போன்ற அச்சத்தை அதன்பின் நான் கண்டதில்லை. குழி கண்ணுக்கு மறைந்ததும் திசைகாட்டியைப் பார்த்தேன். ஊசி இப்போது என்னைச் சுட்டவில்லை. நான் திரும்பியும் அது திரும்பவில்லை. எங்கோ தொலைவில், ஒரு பட்ட பனையின் பக்கமாக, அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. சற்றுமுன்வரை வடக்கு எனக் காட்டிய திசைகளுள் எதுவும் அது இல்லை. காவல் நீங்கிவிட்டது, இனி முனி என்னைத் தன் இருப்பிடத்துக்கே நடத்தப்போகிறான், ஊசி அவன் சொற்படி நிற்கிறது. பதினொரு வயதின் தருக்கம் அது. அதில் ஓட்டையே இல்லை.

அப்படியானால் ஊசியை ஏன் பின்பற்றினேன்? கால் வேறு பக்கம் இழுத்தது என்பது நினைவிருக்கிறது. காலை நம்பாதே என்ற ஆசிரியையின் சொல்லும் நினைவிருக்கிறது. ஆனால் உண்மைக் காரணம் அதனினும் எளியது. முனியை எதிர்த்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. அவன் எதை வடக்கு என்கிறானோ அதையே வடக்கு என ஒப்புக்கொண்டு, அவன் விடுகிற வழியில் போய்விடுவதே அவனைக் கோபப்படுத்தாத வழி என்று நினைத்தேன். ஊசி காட்டியதை வடக்காகக் கொண்டு, அதற்கு முதுகு காட்டி, தெற்கே நடந்தேன். ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணினேன். எண்ணுகிறவரை யாரும் என்னைத் தொடமாட்டார்கள் என்று ஏனோ ஒரு நம்பிக்கை. பின்னால் அக்காவின் ஊதல் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அதுவும் கேளாமற்போயிற்று. நான் அழுதுகொண்டே எண்ணினேன். ஆயிரத்து நூற்றுப் பதினான்காம் அடியில் மரங்கள் விலகின. எதிரே கண்மாய்க்கரை, வெயிலில் நீண்டு கிடந்தது. மடையருகே மோர்ப்பானைகள்.

முனி என்னைக் கொண்டுவந்து ஊராரிடம் ஒப்படைத்துவிட்டான்! அவனுக்கு இருந்த நற்குணத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பியிரார்.

என் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஆசிரியை வடக்கே நடக்க, தலைப்பாகை முதியவரும் வேறு நால்வரும் கயிற்றுக்கட்டிலுடன் பின்தொடர, ஊதலொலி விரைவிலேயே எங்களை எதிர்கொண்டது. அக்கா லாடத்தை இரு கையாலும் மார்போடு பிடித்தபடி அமர்ந்திருந்தாள். முதியவர் குழிக்குள் இறங்கி அவளைத் தூக்குகையில், "அந்தக் காகிதத்துல இந்தக் குழிய எழுதலையாக்கும்" என்றார். ஆசிரியை தலைகுனிந்தார். எழுதியிருக்கவில்லை.

மாலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தீர்ப்பு நாள். அக்காவின் காலில் எலும்பு முறியவில்லை என வைத்தியர் கட்டுப்போட்டுச் சென்றிருந்தார். பெரியப்பா கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்தார். இப்போதும் சிரித்த முகம்தான்.

"நான் சொன்னது சொன்னதுதான் டீச்சர். இனிமே நீங்க வெயில்ல அலைய வேணாம்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது அம்மா பேசினார். கணவரின் தமையனிடம் நேரே பேசும் வழக்கம் அவருக்கில்லை. சொல்ல வேண்டியவற்றை அருகிலிருக்கும் மாட்டிடம் சொல்வார். செவலைக் காளையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"ஒன் லாடந்தான்டா அந்தப் புள்ளையக் காத்துச்சு. அம்புட்டு ஆழத்துல விழுந்தும் எலும்பு ஒடையல. உச்சிவேளையில ஒத்தையில கெடந்தும் காத்துக் கருப்பு அண்டல. காவல் இருக்கயில பயந்து படிப்ப நிறுத்துனா, அந்தச் சாமிதான் என்ன நெனைக்கும்?"

பெரியப்பா காளையைப் பார்த்தார். பிறகு, கட்டில்மேல் கிடந்த லாடத்தை எடுத்துப் பார்த்தார். முனியையும் இரும்பையும் அம்மா அளவுக்கு அவரும் நம்புகிறவர். "நெசமாவா டீச்சர்? படிச்சவுக நீங்க சொல்லுங்க" என்று அதனை நீட்டினார்.

ஆசிரியை லாடத்தை வாங்கினார். மறுகையில் திசைகாட்டி இருந்தது. அதைத் திறந்தார். நான் மட்டுமே அருகில் நின்று அதைக் கண்டேன். லாடத்தை மெல்ல அதனருகே கொண்டுவந்தார். ஊசி நடுங்கிற்று. பின்பு, வணங்குவதுபோல் திரும்பி, லாடத்தையே சுட்டியது. ஆசிரியை என் சட்டைப் பையைப் பார்த்தார். அறுந்து தொங்கிய நூலைப் பார்த்தார். காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். திசைகாட்டியின் மூடியை ஓசையின்றிச் சாத்தினார்.

"ஆமாங்க. இரும்புதான் காத்துச்சு" என்றார்.

பெரியப்பா பெருமூச்சுவிட்டார். "அப்பச் சரி. அடுத்த தடவை ஆளுக்கொண்ணாக் குடுத்துவிடுங்க."

வகுப்பில் பேய் என்று எவளேனும் சொன்னால் முழங்காலிட வைக்கும் ஆசிரியை, இரும்பின் காவலை ஒப்புக்கொண்டது எனக்குப் பெருவியப்பு. அத்தனை உறுதியான மனிதரையும் ஒரு லாடம் மாற்றிவிட்டதே என்று அதன்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. ஊசியே வணங்கிய பொருளல்லவா? இரும்பு அருகிருந்தால் காந்த ஊசி திசை திரியும் என்பதைக் கல்லூரிச் சோதனைக்கூடத்தில், பலர் முன்னிலையில், கையிலிருந்த இரும்புத் தாங்கியை அதிர்ச்சியில் கீழே போட்டு நான் அறிந்துகொண்டது பல்லாண்டுகளுக்குப் பின். அக்கா அப்போது நாட்டரசன்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்தாள்.

ஆனால் லாடத்தின் புகழ் எங்கள் வட்டாரம் முழுதும் அதற்கு முன்பே பரவிவிட்டது. அடுத்த மாசியில் கண்மாய் மடையருகே கூடிய சிறுமியருள் இரும்பில்லாதவள் ஒருத்தியும் இல்லை. ஆணி, பூட்டு, வீட்டுச் சாவி, முறிந்த அரிவாள் முனை, ஒருத்தியிடம் முழுதாக ஒரு பாக்குவெட்டி. நிலப்படத்தில் இம்முறை குழிகள் அனைத்தும் கறுப்பு மையால் குறிக்கப்பட்டிருந்தன. ஆசிரியை ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்.

"எல்லாக் காப்பையும் இதுல போடுங்க. நான் கையிலயே வச்சு கும்பிட்டுக்கிட்டு இருப்பேன். திரும்பி வந்ததும் தர்றேன்."

எல்லோரும் போட்டார்கள். என் முறை வந்தபோது நானும் லாடத்தைப் போட்டேன். பை தரைவரை தொய்ந்தது. அதை இரு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு அவர் தொலைவில் நின்ற புளியமரத்தடிக்குப் போய்த் தனியே அமர்ந்தார். காவல் ஏதுமின்றிக் காட்டுக்குள் ஓட நின்ற நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பாவம், டீச்சருக்குத்தான் எத்தனை பயம், ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேர் இரும்பும் அவருக்கே வேண்டியிருக்கிறதே என்று இரங்கினேன்.